பல் தெரியச் சிரிக்கவும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அலமாரிக் கண்ணாடி முன்னால், சின்னவள் தன் அக்காவின் தோளில் தலை சாய்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"இப்படியா சாய்வாங்க? தலையணைல விழற மாதிரி பொத்துனு விழற. லேசா சாயணும். காத்துல சாயற மாதிரி."

"காத்து எங்கக்கா இருக்கு? ஃபேன்கூட ஓடல."

"வாய் மட்டும் நல்லா ஓடுது. மறுபடி சாய்."

மாப்பிள்ளை நிற்கவேண்டிய இடத்தில் அக்கா நின்றாள். மாப்பிள்ளையின் உயரம் வருவதற்காகக் காலடியில் இரண்டு டெலிபோன் டைரக்டரிகளைப் போட்டிருந்தாள். போட்டோக்காரி அனுப்பியிருந்த பதினான்கு போஸ்களின் பட்டியல் கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருந்தது. மூன்றாவது போஸுக்கே அரைமணி நேரம் ஆகிவிட்டது.

போன வாரம் மாப்பிள்ளைக்குச் சாம்பல் நிறச் சட்டையா வெள்ளைச் சட்டையா என்று இரண்டு வீட்டுக்கும் இடையே நடந்த சண்டையில் வெள்ளை ஜெயித்தது. சின்னவளுக்கு நீல உடை. இன்று மாலை நாலு மணிக்கு வாய்க்கால் ஓரப் பூங்காவில் போட்டோ. எடுத்ததில் ஒன்று ஆறு மணிக்குள் அச்சகத்துக்குப் போய்ச் சேரவேண்டும். நானூறு கல்யாண அட்டைகளின் நெற்றியில் அந்த ஒரு படம்தான் ஏறப்போகிறது. அதன்பிறகு யார் நினைத்தாலும் பின்வாங்க முடியாது என்று அக்கா சந்தோஷமாகச் சொன்னாள். சின்னவளுக்கு ஏனோ அந்த வாக்கியம் பிடிக்கவில்லை.

அக்கா திருமணப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா. பதினாறு வருடமாக அடுத்தவர்களின் கல்யாணத்துக்கு முத்திரை குத்துகிறவள். அவள் இல்லாத நேரத்தில் அலுவலகமே அவளை 'முத்திரை' என்றுதான் சொல்லும். பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு இருபது, தங்கைக்குப் பதினொன்று. அன்றிலிருந்து தனக்கென்று ஒரு விண்ணப்பம் நிரப்ப அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை.

சின்னவள் பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அனுப்புகிற அச்சுகளை வைத்து, பீங்கான் மாவைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஒரு பல்லை அடுக்கடுக்காகக் கட்டி, சூளையில் சுட்டு எடுக்கிற வேலை. ஊரில் பாதிப் பேரின் வாய் அவளுக்குத் தெரியும். முகம் ஒன்றுகூடத் தெரியாது. தட்டில் ஒரு எண்ணும் ஒரு சீட்டும் வரும், அவ்வளவுதான்.

இந்த வேலையால் இரண்டு வரன்கள் கைவிட்டுப் போயிருந்தன. முதலாமவரிடம், பேச்சுக்கு நடுவே, "உங்களுக்குத் தூக்கத்துல பல்லைக் கடிக்கிற பழக்கம் இருக்கு, இல்ல?" என்று கேட்டுவிட்டாள். இரண்டாமவரின் அம்மாவிடம் பல்செட் கொஞ்சம் ஆடுவதாகச் சொல்லி, கழற்றித் தந்தால் சரிசெய்து தருவதாகக் கையை நீட்டினாள்.

அதனால் மூன்றாவது வரனுக்கு அக்கா ஒரு சட்டம் போட்டாள். "வாயைப் பார்க்கவே கூடாது. கண்ணை மட்டும் பாரு."

சின்னவள் கண்ணை மட்டும் பார்த்தாள். ஆறு வாரத்தில் நாலு சந்திப்பு, மீதியெல்லாம் போன். நல்ல கண்கள். எதைச் சொன்னாலும் ஒரு விநாடி தாமதித்து, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வருகிற கண்கள். வாய் அவ்வளவு தாராளமில்லை. உதட்டை மூடியே சிரிப்பார். சத்தமாகச் சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். அவர் லிஃப்ட் மெக்கானிக், எப்போதும் கிரீஸ் கையோடு இருப்பவர், அதனால் மீசையில் அடிக்கடி ஒரு கறுப்புக் கோடு இருக்கும்.

மதியம் மூன்று மணிக்கு, பத்தாவது போஸில் போன் அடித்தது. மாப்பிள்ளைதான். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, கொஞ்சம் லேட்டாகும். நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல ஒரு வக்கீல் மாட்டிக்கிட்டிருக்கார்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை! வக்கீலுக்கு லிஃப்ட்ல என்ன வேலை?"

"அவருக்கும் அதே கேள்விதான் இருக்கு. கத்திக்கிட்டிருக்கார்."

"வேற ஆளே இல்லையா?"

"மத்த ரெண்டு பேருக்கும் நான்தான் இன்னைக்கு லீவு குடுத்தேன்."

"உங்க போட்டோவுக்கு அவங்களுக்கு எதுக்கு லீவு?"

மறுமுனையில் அந்த ஒரு விநாடித் தாமதம் வந்தது. "வந்து பார்க்கறேன்னு சொன்னாங்கக்கா."

அக்கா போனை வைத்துவிட்டு டைரக்டரிகளின் மேலிருந்து இறங்கினாள். "ஒருத்தி சாயத் தெரியாதவ, ஒருத்தர் வரத் தெரியாதவர். உங்க ரெண்டு பேரையும் ஒரு சட்டத்துக்குள்ள நிக்கவைக்கிறதுக்குள்ள எனக்கு நரைச்சுப்போயிடும்."

"ஏற்கனவே நரைச்சுதான்கா இருக்கு."

"அதுக்கும் நீதான் காரணம்."

*

நாலு மணி என்பது நாலு இருபதானது. வாய்க்கால் படிக்கட்டில் இரும்புக் கைப்பிடி வெயிலில் சுட்டது. தண்ணீர் அசையாமல், யாரோ விரித்துவிட்டு மறந்துபோன துணி மாதிரிக் கிடந்தது. வேடிக்கை பார்க்க வருவதாகச் சொன்ன இரண்டு மெக்கானிக்குகளும் வரவில்லை. அந்த மட்டில் நல்லது.

மாப்பிள்ளை ஓடி வந்தார். வெள்ளைச் சட்டை சரியாக இருந்தது. விரல்கள் பத்தும் கறுப்பு.

"கையைக் காட்டுங்க," என்றாள் அக்கா. ஹேர்பின்னை உருவி அவருடைய நகக்கண்களைச் சுரண்ட ஆரம்பித்தாள். சின்னவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறாளா, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிறாளா?

"வக்கீல் வெளியே வந்தாரா?" என்று கேட்டாள் சின்னவள்.

"வந்துட்டார். கம்பெனி மேல கேஸ் போடறாராம்."

"உங்க மேலயும் போடச் சொல்லுங்க. இருபது நிமிஷம் லேட்."

அவர் உதட்டை மூடிச் சிரித்தார்.

போட்டோக்காரி கழுத்தில் இரண்டு கேமராவோடு படியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளிச்சம் அஞ்சரை வரைக்கும்தான். நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. மேடம், நீங்க அந்த வெள்ளை போர்டைப் பிடிங்க." கடைசி வாக்கியம் அக்காவுக்கு. ஆள் உயரத் தெர்மோகோல் பலகை ஒன்றை அவள் கையில் கொடுத்தாள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, நிற்பவர்களின் முகத்தில் விழவேண்டும்.

"எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

"இவங்க சிரிக்கிற வரைக்கும்."

அது சுலபத்தில் நடக்கிற காரியமாக இல்லை. சின்னவள் கைப்பிடியில் சாய்ந்தாள். அவர் பக்கத்தில், அளவெடுத்துப் பொருத்திய கதவு மாதிரி நின்றார்.

"சார், தோளை விடுங்க. இன்னும். சார், மூச்சையும் விடலாம். இப்போ பல் தெரியச் சிரிங்க."

அவர் உதட்டை விரித்தார். திறக்கவில்லை.

"சார், இது கல்யாண அட்டை. அடையாள அட்டை இல்ல."

"எனக்கு இப்படித்தான் வரும்."

"மேடம், நீங்களாவது சொல்லுங்க."

சின்னவள் என்ன சொல்வாள்? சொல்லக்கூடாத ஒரே விஷயத்தைச் சொல்லச் சொல்கிறார்கள். "நீங்க சிரிக்கலைன்னா எங்கக்கா இன்னொரு ஹேர்பின்னோட வருவா," என்றாள்.

அந்த நேரத்தில் வாய்க்காலிலிருந்து ஒரு காற்று கிளம்பியது. தெர்மோகோல் பலகை பாய்மரமானது. அக்கா அதை விடாமல், "ஏய், ஏய், ஏய்!" என்று பின்னாலேயே பத்தடி நடந்துபோய், கத்தரித்துவிட்ட புதருக்குள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் பலகையை நேராகவே பிடித்திருந்தாள்.

மாப்பிள்ளை சிரித்தார். கையைத் தூக்கக்கூட நேரமில்லாமல், தலையைப் பின்னால் சாய்த்து, முழு வாயையும் திறந்து சிரித்தார்.

"அப்படியே! அப்படியே!" என்று போட்டோக்காரி சுட்டுத் தள்ளினாள். புதருக்குள்ளிருந்து வந்த வெளிச்சம் மாப்பிள்ளையின் வாய்க்குள் நேராக விழுந்தது.

சின்னவள் ஆறு வாரச் சட்டத்தை மறந்து பார்த்துவிட்டாள்.

மேல்வரிசை, முன்பல், இடது. பீங்கான். அது எல்லோருக்கும் தெரியாது, தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் அதன் கீழ்மூலையில் ஒரு வெள்ளைப் புகை இருந்தது. பக்கத்துப் பல்லில் இயற்கையாக இருந்த ஒரு வெண்புள்ளிக்கு ஜோடியாக, பாலும் பனியும் கலந்த ஒரு மேகத்துணுக்கு. அந்த மேகத்தை வைத்தது யாரென்று இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். பட்டறை முதலாளி, "மேகமெல்லாம் எவன் கேட்டான்? வெள்ளையா ஒரு பல்லைச் செஞ்சு அனுப்பு," என்று திட்டினார். அவள் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவை விட்டுவிட்டு, மூன்று தடவை சுட்டு அதைச் செய்தாள். லீவை விட்டதற்குக் காரணம் தட்டோடு வந்த சீட்டு.

சீட்டில் மருத்துவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். *மிக அவசரம். 17ஆம் தேதி நோயாளிக்குத் திருமணம்.*

"வாயைத் திறங்க," என்றாள் சின்னவள்.

"என்ன?"

"திறங்க. கொஞ்சம் மேல பாருங்க."

போட்டோக்காரி கேமராவைக் கீழே இறக்கினாள். "மேடம், இது பதினாலுல எந்த போஸ்?"

சின்னவள் அவருடைய மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவரைத் தொடுவது அதுதான் முதல் தடவை. இப்படியா நடக்கவேண்டும் அது?

"இதை எப்போ வெச்சீங்க?"

"ரெண்டு வருஷம் இருக்கும். மோட்டார் ரூம்ல ஸ்பேனர் தெறிச்சு..."

"பதினேழாம் தேதி கல்யாணம்னு சீட்டுல எழுதியிருந்துச்சு. யாருக்குக் கல்யாணம்?"

அவர் வாய் மூடிக்கொண்டது. இந்தத் தடவை தாமதம் ஒரு விநாடி இல்லை.

"சீட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பல்லை நான்தான் செஞ்சேன். சொல்லுங்க. யாருக்கு?"

"எனக்குத்தான்."

"நடந்துச்சா?"

"இல்ல. நடக்கல." பிறகு, உண்மையாகவே புரியாதவராக, "ஆனா இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமே. உங்ககிட்ட சொல்லிடுங்கன்னு உங்கக்காகிட்ட முதல் நாளே சொன்னேனே. உங்ககிட்ட சொல்லியாச்சு, உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லன்னு அவங்க சொன்னாங்களே," என்றார்.

சின்னவள் திரும்பினாள். அக்கா பலகையோடு நடந்து வந்துகொண்டிருந்தாள், தலைமுடியில் இரண்டு இலைகளோடு.

"ஏன் நிறுத்திட்டீங்க? இப்பதானே சிரிச்சார்?"

"அக்கா, இவருக்கு முன்னாடி ஒரு கல்யாணம் நிச்சயமாச்சா?"

அக்கா பலகையைக் கீழே வைக்கவில்லை. அது அவள் முகத்தைப் பாதி மறைத்தது. "அது நின்னுபோன கல்யாணம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷம் முன்னாடி என் கவுன்ட்டருக்குத்தான் வந்தார். கல்யாணப் பதிவுக்காக அறிவிப்புப் பலகைல ரெண்டு பேர் பேரும் ஒட்டியிருந்துச்சு. அதை எடுக்கணும்னு தனியா வந்து நின்னார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேணாம்னு சொல்லியிருப்ப! நீ யாரை வேணும்னு சொல்லியிருக்க இதுவரைக்கும்? ஒருத்தர் பல்லைக் கடிக்கிறார், ஒருத்தர் அம்மா பல்லு ஆடுது. நல்ல மனுஷன்டி இவர். பார்த்தவ நான் சொல்றேன்."

"கவுன்ட்டர்ல ரெண்டு நிமிஷம் பார்த்தியா?"

"அந்த ரெண்டு நிமிஷம் போதும்!" அக்காவின் குரல் உடைந்தது, கோபத்திலா வேறெதிலா என்று தெரியவில்லை. "வாபஸ் படிவத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. பதினாறு வருஷமா எல்லாரும் ஒரே பொய்யைத்தான் எழுதறாங்க. தவிர்க்க முடியாத சூழ்நிலை. இவர் என்ன எழுதினார்னு கேளு."

சின்னவள் அவரைப் பார்த்தாள்.

"நானே எழுதினதுதான்," என்றார் மாப்பிள்ளை. தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். "'பெண்ணுக்கு விருப்பமில்லை. நான் கேட்கவே இல்லை'ன்னு எழுதினேன். ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் பேசி முடிச்சாங்க. எல்லாரும் அவளுக்குச் சம்மதம்னு சொன்னாங்க. நானும் நம்பினேன். கடைசி வாரம் அவ வேலை செய்யற இடத்துல லிஃப்ட் ரிப்பேருக்குப் போனேன். படிக்கட்டுல உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தா. அப்பதான் முதல் தடவையா அவகிட்டயே கேட்டேன்."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அப்படிப்பட்டவர்," என்றாள் சின்னவள் மெதுவாக, "இந்தத் தடவையும் எங்கக்கா சொன்னதை நம்பிட்டீங்க."

அவருக்கு அது உறைத்தது. முகம் மாறுவதைச் சின்னவள் பார்த்தாள்: கண், கன்னம், கடைசியில் வாய்.

"ஆமா," என்றார். "நம்பிட்டேன்."

"ஆறு வாரம் போன்ல பேசினோம். சட்டை நிறத்தைப் பத்தி மட்டும் ரெண்டு மணி நேரம் பேசினோம்."

"உனக்குத் தெரியும்னே நெனைச்சேன். தெரிஞ்சும் கேக்காம இருக்கியே, எவ்வளவு பெரிய மனசுன்னு..." எப்போது 'நீ'க்கு மாறினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நிறுத்திக்கொண்டார். பிறகு நேராகப் பார்த்தார். "இப்போ கேக்கறேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்க உனக்கு விருப்பமா?"

போட்டோக்காரி தொண்டையைச் செருமினாள். "சார், வெளிச்சம் போகுது. ஒரு அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் சும்மா நின்னா..."

"ஏற்கனவே எடுத்ததுல ஒண்ணு நல்லா வந்திருக்குமே," என்றாள் அக்கா அவசரமாக. "சிரிச்சாரே, அதை அனுப்பிடலாம். மத்ததையெல்லாம் வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"அக்கா!"

வாழ்க்கையில் முதல்முறையாக அக்கா அந்தக் குரலுக்கு வாயை மூடினாள்.

சின்னவள் போட்டோக்காரியிடம் சொன்னாள். "எதையும் அனுப்பாதீங்க." அவரிடம் திரும்பினாள். எத்தனையோ வாக்கியங்கள் வந்தன. எல்லாமே அக்கா பேசுவது மாதிரி இருந்தன. "இப்போ என்கிட்ட பதில் இல்ல. இருந்தாலும் இந்தக் கோபத்துல சொல்லமாட்டேன்," என்றாள்.

"எவ்வளவு நாள் வேணும்னாலும் எடுத்துக்க."

"அதையும் நீங்க சொல்லவேண்டாம்."

அவர் தலையசைத்தார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவருக்குச் சாதகமாகத்தான் இருந்தது. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

*

கோபித்துக்கொண்டு போகிறவள் கம்பீரமாகப் போகவேண்டும். சின்னவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூங்காவின் புல்வெளியைக் குறுக்கே கடந்து, பஸ் நிறுத்தம்வரை அப்படித்தான் போனாள். பின்னால் தட்தட்டென்று காலடி கேட்டது.

"வீட்டுச் சாவி உன் பையிலதான் இருக்கு," என்றாள் அக்கா, மூச்சு வாங்க.

"அதுக்காகத்தான் வந்தியா?"

"வேற எதுக்காக வந்தாலும் இப்போ நீ கேக்கமாட்ட."

ஒரே சாவி, ஒரே வீடு, ஒரே பஸ். சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அக்கா பின்னால் போய் உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம்வரை அவள் பேசாமல் வந்தது சின்னவளுக்குப் பழக்கமில்லாத சத்தமாக இருந்தது. ஜன்னலில் தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. நீல உடை கசங்கிவிட்டது.

"பயமா இருந்துச்சுடி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கெஞ்சவில்லை, சும்மா சொன்னது. "எனக்கு அப்புறம் உனக்கு யாருன்னு."

"எனக்குன்னு ஒரு வாய் இருக்குக்கா."

"அதான் தெரியுமே. ஊருக்கே தெரியுமே."

சின்னவள் திரும்பவில்லை. சிரித்துவிடுவோமோ என்று பயம், அழுதுவிடுவோமோ என்றும்.

அக்காவின் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம். பிறகு இருக்கைக்கு மேலாக ஒரு கை நீண்டு போனை அவள் மடியில் வைத்தது.

திரையில் 'அச்சகம்' என்றிருந்தது. மணி ஆறு பத்து.

"நீயே பேசு," என்றாள் அக்கா. "நான் ஒண்ணும் சொல்லல."

சின்னவள் போனைக் காதில் வைத்தாள்.

"என்னம்மா, போட்டோ இன்னும் வரலையே," என்றார் அச்சகக்காரர். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "மத்ததெல்லாம் அச்சுக் கோத்து ரெடியா வெச்சிருக்கேன். போட்டோ இல்லாமலே ஓட்டட்டுமா, இல்ல நிறுத்திவைக்கட்டுமா?"

"நிறுத்திவைங்க."

பின்னிருக்கையில் அக்காவின் விரல்கள் இரும்புக் கம்பியை இறுகப் பிடித்தன.

"சரிம்மா. எதுவரைக்கும்?"

பஸ் ஒரு திருப்பத்தில் சாய்ந்து நிமிர்ந்தது.

"நான் கூப்பிடற வரைக்கும்," என்றாள் சின்னவள். "நானே கூப்பிடுவேன். வேற யார் கூப்பிட்டாலும் ஓட்டாதீங்க."